மவுசரின் அடித்தட்டும் ஒரு சின்ன பொத்தானும்

பழைய ராணுவ மவுசர் ரைபிளைக் கவிழ்த்துப் பிடித்தால் ட்ரிக்கரைச் சுற்றிய வளையத்துக்கு, அதாவது ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால், தோட்டாக்களை அடுக்குகிற மேகசினை மூடியிருக்கிற நீளமான இரும்புத் தட்டு தெரியும். அந்தத் தட்டின் பின்கோடியில் ஒரு சின்ன ஓட்டை. முதல்தடவை பார்க்கிறவர்கள் ஏதோ திருகாணி கழன்று விழுந்த இடம் என்றுதான் நினைப்பார்கள். அது இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு தாழ் இருக்கிறது. கூர்மையான எதையாவது விட்டு அந்தத் தாழை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டைப் பின்பக்கமாகக் கால் அங்குலம், பட்டறைக் கணக்கில் ரெண்டு நூல், தள்ளினால் தட்டு கழன்றுவிடும். அதோடு மடிப்பு மடிப்பாக வளைத்த பட்டை ஸ்பிரிங்கும், தோட்டாக்களைத் தாங்குகிற மேல்பலகையும் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். கூர்மையான எதையாவது என்றேன் அல்லவா, ராணுவத்தில் அதற்குத் தனிச் சாமான் எதுவும் கொடுக்கவில்லை. சிப்பாயின் பையில் எப்போதும் இருக்கிற தோட்டாவின் முனையே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டு ரைபிளில் இந்தத் தாழைத் திறக்கிற விதத்தை மாற்றிய கதைதான் இது. துப்பாக்கி என்றதும் வேட்டைக்கதை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இதில் புலியும் இல்லை, யானையும் இல்லை. ஓட்டை, ஸ்பிரிங், ஓ-ரிங் இவ்வளவுதான்.

ரைபிள் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கியது. வேட்டைக்காரன்புதூர்ப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு வால்பாறை எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். லைசன்ஸ் புத்தகத்தில் .275 என்று எழுதியிருக்கிறது. இந்த .275 வேறொன்றுமில்லை, ஜெர்மன்காரன் மவுசரின் 7×57 மில்லிமீட்டர் தோட்டாதான். லண்டன் ரிக்பி கம்பெனி 1907-இல் அதற்கு இங்கிலீஷ்காரனுக்குப் பிடித்த மாதிரி அங்குலத்தில் ஒரு பெயர் வைத்து விற்றது. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த பெயர்பெற்ற ரிக்பியும் இதே தோட்டாதான், சுடுகிற இயந்திரப் பகுதியும் மவுசர் ஆக்‌ஷன்தான். ஆனால் எங்களுடையது ரிக்பி இல்லை. அதற்கு அப்படி ஒரு சாதிச் சான்றிதழ் கிடையாது. யாரோ ஒரு நாட்டு ராணுவத்துக்காகப் பெர்லினில் செய்த மவுசர். பக்கவாட்டில் கம்பெனி பெயர் மங்கலாகத் தெரிகிறது, மேலே நாட்டு முத்திரை இருக்கவேண்டிய இடத்தை அரம் போட்டு வழித்துவிட்டார்கள். ராணுவக் கட்டையை முன்பக்கம் வெட்டிச் சுருக்கி, வேட்டைக்காரர் கைக்கு ஏற்றபடி செதுக்கியிருக்கிறார்கள். இப்படிச் செய்வது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த வேலை. ராணுவம் கழித்துப்போட்டது மலிவாகக் கிடைக்கும், வேட்டைக்கார ரைபிள் புதிதாக வாங்கினால் யானை விலை. நம்ம ரைபிளில் கை வைத்த ஆள் கட்டையை மாற்றினார், பார்வைக்குறியை மாற்றினார், அடித்தட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

அது ஏன் அப்படி அமைந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1888-இல் ஜெர்மன் ராணுவம் எடுத்த ரைபிளில் மேகசினின் அடிப்பக்கம் திறந்தே இருந்தது. தோட்டாக்களைக் கவ்விய கிளிப் உள்ளேயே போகும், கடைசித் தோட்டா ஏறியதும் காலிக் கிளிப் அந்தத் திறப்பு வழியாகக் கீழே விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுகிற வழியே மண்ணும் சேறும் ஏறுகிற வழியும் ஆயிற்று. ரைபிளை வடிவமைத்த பால் மவுசர் இதற்கு வேறு வழி பார்த்தார். 1889-இல் பெல்ஜியத்துக்குச் செய்த ரைபிளில் தோட்டாக்கள் ஒற்றை வரிசையாக நின்றதால் மேகசின் கட்டைக்குக் கீழே துருத்திக்கொண்டு இருந்தது. 1893-இல் ஸ்பெயினுக்குச் செய்தபோது தோட்டாக்களை இடம் வலமாக மாற்றி மாற்றி இரட்டை வரிசையாக அடுக்கினார். ஐந்து தோட்டாவும் கட்டைக்குள்ளேயே அடங்கின, அடியில் மட்டமான தட்டு, சுற்றிலும் மூடல், மண் ஏற இடமில்லை. 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாடலிலும் இதே அமைப்புதான்.

அதே 1898-இல் கியூபாவில் ஸ்பெயின்காரர்கள் கையிலிருந்த 7 மில்லிமீட்டர் மவுசர்களிடம் அமெரிக்கப் படை நன்றாக அடி வாங்கியது. அமெரிக்கர்களுடைய கிராக் ரைபிளில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தோட்டாவைத் தளர்வாகப் போடவேண்டும், கிளிப் கிடையாது. ஊருக்குப் போய் மவுசரைப் பார்த்து 1903 ஸ்பிரிங்ஃபீல்டைச் செய்தார்கள், அப்புறம் காப்புரிமைக்காக மவுசர் கம்பெனிக்கே 2 லட்சம் டாலர் ராயல்டி கட்டினார்கள். அந்த ஸ்பிரிங்ஃபீல்டைக் கவிழ்த்தாலும் இதே தட்டு, இதே ஓட்டை. நகல் எடுத்தவன் ஓட்டையையும் சேர்த்தே எடுத்தான் என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

சிப்பாய்க்கு அது சரிதான். கையால் திறக்க முடிந்தால் புதரில் ஊர்ந்து போகும்போது எதிலாவது மாட்டித் திறந்துகொள்ளும். தட்டு எங்கோ, ஸ்பிரிங் எங்கோ போனால் அந்த ரைபிள் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிற துப்பாக்கி ஆகிவிடும். ஆகவே கையால் திறக்கவே கூடாது, ஆனால் திறக்கத் தனிச் சாமானும் தேடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த விடைதான் அந்த ஓட்டை.

என் பெரியப்பா மகன் ஒருவரிடம் .315 இருக்கிறது, இஷாப்பூர் ஆர்டினன்ஸ் பேக்டரியில் செய்தது. நம் நாட்டில் லைசன்ஸ் ரைபிள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் நீங்கள் பார்க்கப்போவது அதுதான். அது பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்பீல்டின் வம்சம். ட்ரிக்கருக்கு முன்னால் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் மேலே தள்ளினால் மேகசின் பெட்டியே கழன்று கையில் வரும். நான் ஆணியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "ஏப்பா, உன்ற ஜெர்மன்காரன் இதுகூட யோசிக்கலையா?" என்று அவர் சிரிப்பார். யோசித்துத்தான் அப்படி வைத்தான் என்று விளக்க ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

சரி, அவ்வளவு யோசித்து வைத்ததை நான் ஏன் மாற்ற வேண்டும்? இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. மேகசினில் தோட்டா இருக்கும்போது காலி செய்ய வேண்டுமானால் குழலின் பின்வாயை மூடுகிற போல்ட்டை முன்னும் பின்னும் ஆட்டி ஒவ்வொரு தோட்டாவையும், தோட்டா வெடிக்கிற சேம்பரின் வாசல்வரை கொண்டுபோய் வெளியே எறிய வேண்டும், அடித்தட்டு சட்டென்று திறந்தால் எல்லாம் மொத்தமாகக் கையில் விழுந்துவிடும் என்பார்கள். மற்ற ரைபிள்களுக்கு இது நியாயமான பேச்சு. 98 மாடல் மவுசருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இதில் போல்ட்டின் பின்னால் இருக்கிற பாதுகாப்புச் சிறகுக்கு மூன்று நிலை உண்டு. நடுவில் செங்குத்தாக நிறுத்தினால் சுடும் ஊசி பூட்டிக்கொள்ளும், போல்ட் மட்டும் திறக்கும். தவிர, தோட்டா மேகசினை விட்டு எழும்பியதுமே தோட்டாவை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரின் நீண்ட நகம் அதன் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்வதால், போல்ட்டை முழுக்க மூடாமலே பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை வெளியேற்றலாம். ஆகவே பாதுகாப்பு என்று சொல்லி இதை மாற்றுகிறவர்கள் தங்கள் ரைபிளைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

என் காரணங்கள் சாதாரணமானவை. ராணுவத் தோட்டா முழுக்க உலோக உறை போட்டது, முனை கெட்டி. வேட்டைத் தோட்டாவின் முனையில் ஈயம் தெரியும். இறுக்கமான ஸ்பிரிங்கை அந்த ஈய முனையால் அழுத்தினால் முனைதான் நசுங்கும், தாழ் அசையாது. இந்தத் தோட்டா எளிதில் கிடைக்கிற சரக்கும் இல்லை, லைசன்ஸ் புத்தகத்தில் எண்ணி எழுதித் தருகிற பொருள். அதன் முனையை நசுக்க யாருக்கு மனசு வரும்? ஆகவே ஆணி, ஸ்க்ரூடிரைவர் நுனி, தீட்டிய சைக்கிள் கம்பி என்று மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் கையில் கிடைத்ததை வைத்துத் திறந்திருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி வழுக்கி விழுந்த கீறல்கள் கோலம் போட்டிருக்கின்றன.

இன்னொன்று ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குச் சாரல் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று ஆனைமலை, பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள், அறிவிப்பு மார்ச் 16, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. அது முடிந்து திரும்ப வாங்கும்போது சரியாகச் சாரல் ஆரம்பித்திருக்கும். மாதக்கணக்கில் தொடாமல் நின்ற ரைபிளைக் கொண்டுவந்து உடனே அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால், அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் மடிப்புகளில் செம்பழுப்பாகத் துரு பிடிக்கும். மற்ற இடத்துத் துரு கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். இது உள்ளே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அப்பாவுக்குக் கட்டைவிரலில் மூட்டுவலி வந்தபிறகு அவர் கழற்றித் துடைப்பதையே விட்டுவிட்டார். கேட்டால், "அது கெடக்குது போ, யாரு சுடப்போறா" என்பார்.

யாரும் சுடப்போவதில்லை என்பது உண்மைதான். 1972 வனவிலங்குச் சட்டமும் அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் வேட்டையை முடித்துவிட்டன. வயலுக்கு வருகிற பன்றிக்கு இப்போது வேலியும் வெளிச்சமும் பட்டாசும்தான். அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் லைசன்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். 2016 ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது, வைத்திருப்பவருக்கு எழுபது வயது ஆகியிருக்க வேண்டும் அல்லது இருபத்தைந்து வருடம் வைத்திருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்றிதழ் என்று அது ஒரு தனிப் பயணம். இப்போது நான் ரைபிள் கிளப்பில் காகிதத்தைச் சுடுகிறேன். கொஞ்சம் சுடுவேன், நிறையத் துடைப்பேன்.

இனிமேல்தான் கோயம்புத்தூர் வேடிக்கை. நான் பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறைக்காரன். கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்கு நாலு லேத் ஓடுகிற ஊரில் உட்கார்ந்திருக்கிறேன். என் கடையில் இருக்கிற மெஷினுக்கும் பையன்களுக்கும் இந்த வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிகிற வேலை. ஆனால் தொடக்கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கியைச் செய்வது, விற்பதோடு மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும்கூடத் தனி லைசன்ஸ் கேட்கிறது. வைத்திருக்கும் லைசன்ஸ் வேறு, வேலை செய்யும் லைசன்ஸ் வேறு. கழற்றித் துடைக்கலாம், எண்ணெய் போடலாம், அவ்வளவுதான். சின்னப் பொத்தான்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சில நண்பர்கள் சொன்னார்கள். லேத் வைத்திருப்பவன் துப்பாக்கியில் கை வைத்தான் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் அப்புறம் பம்பு செய்ய முடியாது. ஆகவே லைசன்ஸ் பெற்ற ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் லைசன்ஸையும் நம்பரையும் சரிபார்த்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டுதான் பையையே திறந்தார். வயதானவர், அப்பா காலத்திலிருந்து இதே தொழில். திறந்ததும் முதல் வேலையாகப் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துச் சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். காலி என்று நான் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அதை அவர் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை, எனக்குப் பிடித்திருந்தது.

நான் போகும்போது கீல் வைக்கிற யோசனையோடுதான் போனேன். உயர்தர வேட்டை ரைபிள்களில் அடித்தட்டு முன்பக்கம் கீலில் தொங்கும், பின்பக்கம் ஒரு பொத்தானோ நெம்புகோலோ இருக்கும், அழுத்தினால் கதவு மாதிரிக் கீழே திறக்கும். மவுசர் கம்பெனியே தன் வேட்டை மாடல்கள் சிலவற்றில் நெம்புகோல் வைத்தது. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-இல் ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால் பொத்தான். பார்க்க அழகு, தட்டும் தொலையாது. வெளிநாட்டில் இந்த அடிப்பாகம் முழுவதையும் தனியாகவே விற்கிறார்கள், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். இங்கே இறக்குமதி என்றால் அதற்கு வேறு லைசன்ஸ், வேறு அலைச்சல், அதை விட்டுவிட்டோம். இருக்கிற தட்டின் முன்நாக்கை வெட்டிக் கீல் வைத்து ஒட்டலாமா என்று கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, நல்லா இருக்கறதை வெட்டிப்போட்டு அப்புறம் என்னத்தை ஒட்டறது?" என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "சுட்டா ரைபிளு எந்தப் பக்கம் போகுமுங்க?"

பின்னால். தோளில் உதைக்கிறது. ரைபிள் பின்னால் பாயும்போது அதில் தளர்வாக இருக்கிற எந்த உறுப்பும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது ரைபிளைப் பொறுத்தவரை முன்னால் நகரப் பார்க்கும். ராணுவ மவுசரின் தட்டோ திறக்க வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அதிர்ச்சி அந்தத் தட்டை மூடுகிற பக்கம்தான் தள்ளுகிறது. தாழ் தேய்ந்து அரைகுறையாகப் பிடித்தாலும்கூடச் சுடுகிற நேரத்தில் அது தானாகத் திறக்காது. கீல் வைத்த தட்டு அப்படி இல்லை, அது கீழ்நோக்கித் திறக்கிறது. மேகசின் ஸ்பிரிங்கும் தோட்டாக்களின் எடையும் எப்போதும் கீழ்நோக்கித்தான் அழுத்துகின்றன, உதையில் குழல் மேலே எழும்பும்போது இன்னும் அழுத்தும், எல்லாப் பாரமும் அந்த ஒரு தாழின் மேல். பொருத்தம் துல்லியமாக இருந்தால் பிரச்சினை இல்லை, பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. துல்லியம் தவறினால் முதல் குண்டு போனதும் மீதித் தோட்டாக்கள் காலடியில் கொட்டும். பெரிய உதை உள்ள ரைபிள்களில் இப்படிக் கொட்டிய கதைகள் வேட்டைக்காரர்கள் மத்தியில் ஏராளம்.

பொருத்தம் பார்த்தே பிழைக்கிறவன் நான், இந்த நகர்வுத் திசையை அதுவரை யோசித்ததே இல்லை. கீல் யோசனை அந்த மேஜையிலேயே செத்தது. தட்டு இப்போதுபோலவே பின்னால் நகர்ந்து கழலட்டும், தாழும் அதே தாழ், அதே ஸ்பிரிங். ஆணிக்குப் பதிலாக விரல் போதும் என்கிற அளவுக்கு ஒரு பொத்தான் மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

பொத்தான் என்றால் சும்மா தாழின் தலையில் ஒரு குமிழை ஒட்டிவிட்டால் ஆகாதா? ஆகாது. இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால்தான் புரியும். தாழின் முனை தட்டின் ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தட்டு நகர வேண்டுமானால் அந்த முனை முழுக்க ஓட்டையை விட்டு உள்ளே போயிருக்க வேண்டும். தாழின் தலையை நீட்டி வெளியே விரல் படும்படி குமிழ் வைத்தால், அந்தக் குமிழும் ஓட்டைக்குள்தான் நிற்கும். அதையும் தட்டின் முழுக் கனத்துக்கும் உள்ளே தள்ள வேண்டும், விரலோ தட்டின் மேல்பரப்போடு நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் தட்டு நகராது. ஆகவே பொத்தான் தாழோடு சேரக்கூடாது, தட்டோடு சேர்ந்த தனித்துண்டாக இருக்க வேண்டும். நம் வீட்டு வாசல் பூட்டுக்குள் சின்னச் சின்ன முள்கள் இரண்டு துண்டாக இருக்குமே, சரியான சாவி போனால் இரண்டு துண்டும் சந்திக்கிற இடம் சுழல்கிற உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வரும், உடனே உருளை திரும்பும், அதே வித்தைதான். பொத்தானை அழுத்தி முடிக்கும்போது அதன் அடிமுகம் தட்டின் உள்பரப்போடு மட்டமாக வரவேண்டும். அந்தக் கணத்தில் தாழ் தட்டுக்கு அப்பால், பொத்தான் தட்டுக்குள், நடுவில் எதுவும் குறுக்கே இல்லை. தட்டு நகரும்.

எங்கள் தட்டில் ஓட்டை உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் படி வைத்தது. அது வசதியாகப் போயிற்று. பொத்தானுக்கு அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று விட்டு உள்பக்கமிருந்து சொருகினால் படியில் தட்டி நிற்கும், வெளியே ஓடிவிடாது. தட்டில் ஓர் இழைகூடச் செதுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த விளிம்பின் கனம் எவ்வளவோ, அவ்வளவு ஆழம் தாழின் பிடிப்பில் குறையும். கனமாக விட்டால் பிடிப்பு போயிற்று, மெலிதாக விட்டால் விளிம்பு உடையும். அவர் முக்கால் மில்லி என்றார், நான் ஒரு மில்லி கேட்டேன், அவர் சொன்னதுதான் நடந்தது. ஓ.எச்.என்.எஸ். என்கிற கருவி எஃகுக் கம்பியில் கடைந்து, எண்ணெயில் குளிர வைத்துக் கெட்டிப்படுத்தி, அப்புறம் நீலம் ஏறுகிற வரைக்கும் சூடு காட்டினார், இல்லாவிட்டால் விளிம்பு கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். வெளியே தெரிகிற தலை வழவழப்பான குமிழ், தட்டிலிருந்து ஒன்றரை மில்லி போலத்தான் எழும்பியிருக்கிறது. நான் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அவருடைய லேத் என் கடை லேத்தைவிடப் பழசு, பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், அந்த லேத்தில் அந்தக் கை செய்கிற வேலையை நம்ம சி.என்.சி. பையன்கள் வந்து பார்க்க வேண்டும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. தட்டைக் கழற்றியதும் உள்பக்கத்திலிருந்து பொத்தானைத் தாங்க எதுவும் இல்லை, நழுவிக் கீழே விழும். தோட்டத்துப் புல்லில் விழுந்தால் அதோடு போயிற்று. மெல்லிய கம்பி வளையம் போடலாம் என்றார் அவர். இந்த இடத்தில்தான் பம்புக்காரன் மூளை வேலை செய்தது: தண்டில் ஒரு சின்னக் காடி வெட்டி நைட்ரைல் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங் ஒன்று போட்டால் உராய்விலேயே நிற்கும், எண்ணெய் பட்டாலும் ஊறாது, ஈரமும் தூசியும் ஓட்டை வழியாக உள்ளே போவதையும் தடுக்கும். நம்ம ஊரில் ஓ-ரிங்குக்கா பஞ்சம்? என் கடையிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் கொடுத்தேன், பொருந்துகிற ஒன்றை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். ராணுவக்காரன் திறந்தே விட்டிருந்த ஓட்டை இப்போது அடைபட்டுவிட்டது. பொத்தானைவிட இந்த லாபம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

பிரஷ்யன் ப்ளூ என்கிற நீலச் சாயத்தைத் தடவி, தாழின் முனை பொத்தானின் அடிமுகத்தில் எங்கே படுகிறது என்று பார்த்தார், நடுவில் பட்டது. அப்புறம் டம்மி தோட்டாக்களை மேகசினில் நிரப்பி, ரைபிளின் பின்கட்டையை மரப்பலகை மேல் நிறுத்திக் குத்தினார், குலுக்கினார், வாரில் மாட்டி இடுப்பில் உரசிக்கொண்டே கடைக்குள் நடந்தார். பொத்தான் அழுந்தியது, தட்டு நகரவில்லை. அழுத்தவும் வேண்டும், அழுத்திக்கொண்டே பின்னால் தள்ளவும் வேண்டும் என்கிற இரட்டை வேலை அப்படியே இருக்கிறது. வார் தற்செயலாக ஒன்றைச் செய்யலாம், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யாது. தாழின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கினால் அப்பாவின் விரலுக்கு இன்னும் சுலபமாக இருக்குமே என்று கேட்டேன். முடியாது என்றார். தாழும் அந்த ஸ்பிரிங்கும் கம்பெனி வைத்தது, அதில் கை வைக்கிறதாக இருந்தால் வேறு கடை பாருங்க என்கிற தொனி. விட்டுவிட்டேன். பிறகு ரேஞ்சில் உண்மையான தோட்டாவோடு சுட்டுப் பார்த்தபோதும் தட்டு அசையவில்லை, திசைக் கணக்குப்படி அசையவும் கூடாது.

பழையதை மாற்றவே கூடாது என்கிற கட்சி ஒன்று உண்டு, எனக்கும் அந்தக் கட்சியில் பாதி அனுதாபம் உண்டு. முத்திரையோடு, முழுக் கட்டையோடு, எல்லா உறுப்பிலும் ஒரே நம்பரோடு இருக்கிற ராணுவ ரைபிள் கிடைத்தால் அதில் நான் ஒரு திருகாணியைக்கூட மாற்றமாட்டேன். எங்களுடையதில் முத்திரையை வழித்துக் கட்டையை வெட்டியது துரையின் காலத்திலேயே முடிந்துவிட்டது. அப்படியும் இந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டால் அடித்தட்டு பெர்லினிலிருந்து வந்த அமைப்புக்கே திரும்பிவிடும், ஆணி எடுத்துத் திறந்துகொள்ளலாம். ஓட்டையைப் பெரிதாக்கி, தாழை வெட்டி, கார்டில் துளை போட்டுச் செய்கிற வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் திரும்பிப் போக வழியே இல்லை. அது எனக்குப் பிடிக்காத வேலை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. தட்டு இன்னும் முழுசாகத்தான் கழன்று வருகிறது. அதனால் நின்றுகொண்டே திறந்தால் ஸ்பிரிங்கும் மேல்பலகையும் துள்ளும், மேஜை மேலோ மடியிலோ வைத்துத்தான் திறக்க வேண்டும். இடது கை பழக்கம் உள்ளவர்களுக்கு அழுத்தித் தள்ளுவது கொஞ்சம் இடறும். ஓ-ரிங் ரப்பர்தான், சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டி வரும், விலை ஒரு டீ காசுகூட இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவே திண்ணையில் துணியை விரித்துக் கழற்றுகிறார். ஸ்பிரிங்கின் அகலமான முனை எந்தப் பக்கம், குறுகலான முனை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் இன்னும் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வருகிறது, எண்ணெய் போடுவதற்கு முன்னால் அது தீர்ந்துவிடும். பெரியப்பா மகன் வந்து பார்த்தார், பொத்தானை அழுத்தினார், தட்டைத் தள்ளினார், ஸ்பிரிங் மூக்குக்கு நேரே வந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சரி, பரவால்ல. ஆனா என்றது பெட்டியோட வருமாக்கும்" என்றார்.